மிளகாய் இல்லாமல் ஆறு

காலை எட்டரை மணிக்கு டெலிபோன் அடித்தது.

வெர்னல் டப்ஸின் கையெல்லாம் சோளமாவு. ரிசீவரை முழங்கையால் தட்டி எடுத்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"டப்ஸ் டமாலே கடை."

"நான்தான்."

பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பன்னிரண்டு வருஷமாக அதே குரல். அதே எட்டரை.

ஏமஸ் பெட்வே. வயது எழுபத்தாறு. ஒரு காலத்தில் டாக்கெட் ஊரின் ப்ளூஸ் பாட்டுக்காரர்களில் முதல் வரிசை ஆள். இப்போது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், பருத்திக் காட்டை ஒட்டின தகரவீட்டில் தனியாக இருந்தார். வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட்டாலே வெர்னலுக்குக் கேட்கும் தூரம்தான்.

ஆனாலும் போன் செய்வார்.

ஏன் என்று அவள் கேட்டதில்லை. அந்த மணி அடிக்காவிட்டால் அவளுக்கும் பொழுது விடிந்த மாதிரி இருக்காது. கடைக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒற்றைக் கட்டில். நாளின் முதல் மனிதக் குரல் அவருடையதுதான்.

"வழக்கம்போல ஆறுதானே, மிஸ்டர் பெட்வே?"

"பன்னெண்டு."

மாவுக் கை நின்றது.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு?"

"ஆறு வழக்கம்போல. இன்னொரு ஆறு... மிளகாய் இல்லாம."

"என் கடையில மிளகாய் இல்லாமலா? சர்ச்சுக்குப் போயி சாமி இல்லாமப் பிரார்த்தனை கேக்குற மாதிரி இருக்கே."

"செஞ்சு தருவியா, மாட்டியா?"

"தர்றேன். யாரு விருந்தாளி?"

"வந்தா தெரிஞ்சுடப் போவுது." மெல்லிய இருமல். "பதினொன்றரைக்கு நீயே கொண்டாந்துடு, வெர்னல். எனக்கு முட்டி வலி."

போனை வைத்துவிட்டார்.

வெர்னல் பெருமூச்சு விட்டாள்.

காரக்கறியைச் சோளமாவுக்குள் பொதிந்து, சோளத்தோலில் சுற்றி, மூன்று மூன்றாக நூலில் கட்டி, மிளகாய்த் தண்ணீரிலேயே வேகவைப்பதுதான் டமாலே. உள்ளேயும் காரம். வெளியேயும் காரம். மிளகாய் வேண்டாமென்றால் கறி தனி, தண்ணீர் தனி, பானை தனி.

புதுப் பானை கொதிக்க மறுத்தது.

இரண்டு பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு அவள் சாலையைக் கடந்தபோது மணி பன்னிரண்டுக்குப் பத்து.

இருபது நிமிஷம் தாமதம்.

வலைக்கதவு லேசாகத் திறந்திருந்தது.

"மிஸ்டர் பெட்வே..."

அடுக்களைக்குள் கால் வைத்தாள். வைத்த கால் அப்படியே நின்றது.

அவர் அடுப்புக்குக் கீழே கிடந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. புதிதாய்ச் சவரம் செய்த கன்னம். தலைக்கு அடியில் ரத்தம் ஒரு தட்டு அகலத்துக்குப் பரவியிருந்தது.

மேஜைமேல் இரண்டு தட்டு. இரண்டு தம்ளர். மடித்து வைத்த இரண்டு காகிதக் கைக்குட்டை.

வெர்னல் கத்தவில்லை. கத்தினால் ஓடிவர அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. தரையில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. அவள் கொண்டுவந்த பொட்டலங்களைப் போலவே.

* * *

"வழுக்கி விழுந்திருக்காரு." ரூடெல் சைக்ஸ் தொப்பியைக் கழற்றினான்.

ஷெரீப் ஆபீஸில் துணை அதிகாரி. முப்பத்து நாலு வயசு. பள்ளிக்கூட நாளில் வெர்னல் கடையில் ஊறுகாய் திருடித் தின்று, அவளிடமே காது திருகல் வாங்கினவன்.

"அடுப்பு முனையில மண்டை அடிச்சிருக்கு. முட்டி வலின்னு நீங்களே சொல்றீங்க. வயசானவரு, தனியா இருந்தவரு. இந்த வருஷத்துல இது நாலாவது, மிஸ் வெர்னல்."

"ரெண்டு தட்டு இருக்கு, ரூடெல்."

"ராத்திரித் தட்டை எடுத்து வைக்காம விட்டிருப்பாரு."

"தொடச்சு வச்ச தட்டு. மனுஷன் சவரம் பண்ணியிருக்காரு பாரு. யாரோ வர்றதா இருந்துச்சு. மிளகாய் சாப்பிடாத ஆளு."

"மிளகாய் சாப்பிடாத ஆளா?" ரூடெல் நோட்டுப் புத்தகத்தை மூடினான். "இதைப் போயி நான் ஷெரீப்கிட்ட சொன்னா, என்னைப் போக்குவரத்துக்கு மாத்திடுவாரு. கதவு உடையல. பர்ஸு பாக்கெட்லயே இருக்கு. கிட்டார் பெட்டி மூலையில இருக்கு. எவன் வந்து என்னத்த எடுத்தான்?"

"வந்தவன் எங்க? சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட இடத்துல ஒரு மனுஷன் விழுந்து கிடந்தா, கூப்பாடு போட மாட்டானா? போட்டானா?"

ரூடெல் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"அஞ்சு மணிக்குப் பிரேதப் பரிசோதகர் கையெழுத்து போட்டுடுவாரு. தவறி விழுந்து மரணம். அப்புறம் மாவட்டச் செலவுல அடக்கம். அவருக்கு யாரும் இல்லைல்ல?"

வெர்னல் அந்தக் கேள்வியைக் காதில் வாங்காத மாதிரி எழுந்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும் டயம் இருக்குன்னு சொல்லு."

"நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"நாப்பது வருஷமா ஊருக்குச் சோறு போடுறேன். எவன் எதைத் தின்பான், எதைத் தின்ன மாட்டான்னு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியலேன்னா இன்னொரு அடுப்புக்குத் தெரியும்."

* * *

முதலில் டெல்ஃபீனின் கெளுத்தி மீன் கடை. டெல்ஃபீன் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மிளகாய் வேணாம்னவனா? குழந்தைங்க கேக்கும். அதுங்க யாரையும் கொல்லாது."

அடுத்தது சாலை வளைவில் பன்றிக்கறி சுடுகிற புகைக்கொட்டகை. அங்கேயும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

போகிற வழியெல்லாம் சுவருக்குச் சுவர் பாட்டுக்காரர்களின் படம். எல்லாரும் செத்துப் போனவர்கள். அவர்கள் பிறந்த வீடு, குடித்த கடை, புதைத்த இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. வெளிநாட்டுக்காரர்கள் பலகை பலகையாக நின்று போட்டோ எடுத்தார்கள். ஏமஸ் பெட்வே வீட்டு முன்னால் பலகை இல்லை. அவர் உயிரோடு இருந்துவிட்டார்... அதுதான் அவர் செய்த தப்பு.

மூன்றாவது, எலியாஸ் நாசிஃபின் கிப்பே கடை. எலியாஸின் தாத்தா லெபனானிலிருந்து துணிமூட்டையோடு வந்தவர். மூட்டை காலியானதும் அடுப்பு மூட்டினார். கறியும் கோதுமையும் இடித்துப் பொரிக்கிற அந்த உருண்டைக்கு டாக்கெட்டில் இன்றைக்கும் வரிசை நிற்கும்.

எலியாஸ் அவளைப் பார்த்ததும் ஒரு தட்டை நகர்த்தினான்.

"மொதல்ல சாப்பிடுங்க. மொகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு. மிஸ்டர் பெட்வே சமாசாரம் கேள்விப்பட்டேன். உட்காருங்க."

"நின்னே பழகிடுச்சு." காரச் சாஸைப் புறங்கையால் தள்ளிவிட்டு ஓர் உருண்டையைப் பிட்டாள். "எலியாஸ், இந்த ஊர்ல காரமே ஆகாத ஆளு யாரு?"

"இந்த ஊர்ல பொறந்தவன் எவனும் இல்ல." கல்லா மேஜையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "ஒரு நார்வேக்காரன் இருக்கான். மூணு நாளா வர்றான். ஒத்தை மிளகு கண்ணுல பட்டாலே கையில எடுத்து, 'இது என்ன?'ன்னு கேக்குறான். நல்ல பையன். தனியா வருவான், சுவத்தைப் பார்த்துச் சாப்பிடுவான், போயிடுவான்."

"பாட்டுப் பைத்தியமா?"

"அதுக்குத்தான கப்பலேறி வர்றாங்க. மிஸ்டர் பெட்வே பாட்டை எங்கயோ ரேடியோல கேட்டானாம். சாப்பிடும்போதும் அதையே முணுமுணுப்பான்."

பிட்ட உருண்டையைத் தட்டிலேயே வைத்தாள்.

"எங்க தங்கியிருக்கான்?"

"பழைய ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால, வாடகைக் குடில்ல. மிஸ் வெர்னல்... தனியாவா போறீங்க?"

"நான் எங்க துணையோட போயிருக்கேன், எலியாஸ்?"

* * *

மணி மூன்றரை.

குடில் முற்றத்தில் ஒரு நெட்டை ஆள் உட்கார்ந்திருந்தான். வெயிலில் வெந்து, அவித்த இறால் நிறத்தில் இருந்தான். மடியில் கிட்டார்.

வெர்னல் படியேறினாள்.

"நீங்க மிளகாய் சாப்பிடுவீங்களா?"

அவன் திருதிருவென்று விழித்தான். "மன்னிக்க வேண்டும்... என்ன கேட்டீர்கள்?"

"மிளகாய். காரம். ஆகுமா, ஆகாதா?"

"ஆகாது. வயிறு எரியும். நீங்கள்... டாக்டரா?"

அவள் கண் கிட்டாரின்மேல் இருந்தது. தோள்பட்டை வாரைக் கிட்டார் மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைப் பருத்தி நூலின்மேல்.

மூன்று சுற்று, ஓர் இறுக்கு, உள்ளே மடித்த நுனி.

அவள் முடிச்சு.

போன மாதம் கடை வாசலில் மிஸ்டர் பெட்வேயின் வார் அறுந்தபோது, டமாலே கட்டுகிற நூலால் அவளே கட்டிக்கொடுத்தது. 'கிட்டாரையும் வேக வச்சுடாதே' என்று அவர் சொல்லிச் சிரித்தது.

இப்போதுதான் முதல்முறையாக, கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இது உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"இன்று மதியம் வாங்கினேன்." அவன் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தான். "என் பெயர் ஐவின்ட். நார்வேயில் படகு ஓட்டுகிறேன். குளிர்காலத்தில் படகில் நான் மட்டும்தான். அப்போது இவருடைய ஒரு பாட்டைத்தான் கேட்பேன். இது ஏமஸ் பெட்வேயின் கிட்டார்."

"அவரு வீட்டுக்குப் போனீங்களா இன்னிக்கு?"

"வீட்டுக்கா?" ஐவின்ட் குழம்பினான். "அவர் இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டதே."

பெரிய சரக்கு ரயில் ஒன்று தடதடத்துப் போனது. அது போய் முடியும்வரை வெர்னல் காத்திருந்தாள்.

"யாரு சொன்னது?"

"இதை விற்றவர்தான். லான்ஸோ. பாட்டு கிளப் நடத்துகிறாரே... நான் வந்த முதல் நாளே கேட்டேன், பெட்வேயைப் பார்க்க முடியுமா என்று. மூன்று வருடம் முன்பே போய்விட்டார், கிட்டார் என்னிடம்தான் இருக்கிறது என்றார். நான்கு மணிக்கு அத்தாட்சிக் கடிதம் கொண்டுவருவார்."

லான்ஸோ பீச்சம்... ஏமஸின் பழைய சீடன். தெருவில் பார்த்தால் அவர் தோளில் கைபோட்டு நடக்கிறவன்.

வெர்னல் கையை நீட்டினாள்.

"உங்க போனைக் குடுங்க."

மறுமுனையில் ரூடெல் அலுத்துக்கொண்டான். "விருந்தாளி கெடச்சாரா, மிஸ் வெர்னல்?"

"மூலையில ஒரு கிட்டார் பெட்டி இருந்துச்சே. தொறந்து பார்த்தியா?"

"இல்ல. எதுக்கு?"

"இப்பப் பாரு."

காலடிச் சத்தம்... கொக்கி விடுபடும் சத்தம்.

"காலி," என்றான் ரூடெல். குரலில் அலுப்பு போயிருந்தது. "எங்க இருக்கீங்க?"

* * *

நான்கு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் லான்ஸோ வந்தான். சாம்பல் தொப்பி, பளபளக்கும் ஷூ, கையில் உறை.

படியில் கால் வைத்தவன் அவளைப் பார்த்தான். கிட்டார் இப்போது அவள் மடியில் இருந்தது.

"மிஸ் வெர்னல்... கடையைப் பூட்டிட்டு இங்க என்ன?"

"கடிதாசு கொண்டாந்தியாமே. குடு, படிக்கிறேன்."

"அது இவருக்கும் எனக்கும் உள்ள விஷயம்."

ஐவின்ட் கையை நீட்டி உறையை உருவினான். பிரித்து, மெல்லப் படித்தான்.

"'மூன்று ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஏமஸ் பெட்வே, தம் கையால் எனக்கு அளித்த கிட்டார் இது...'"

"மூணு வருஷம் முன்னால செத்தவரு," வெர்னல் நிதானமாகச் சொன்னாள், "இன்னிக்குக் காலையில எட்டரைக்கு எனக்குப் போன் பண்ணி டமாலே ஆர்டர் குடுத்தாரு, லான்ஸோ. பன்னெண்டு."

ஐவின்டின் கையில் கடிதம் தாழ்ந்தது.

"அவர்... உயிரோடு இருந்தாரா?"

"இன்னிக்குக் காலை வரைக்கும். பருத்திக் காட்டோரம், தகரவீடு."

"அந்த வீட்டைத் தாண்டி நான்கு முறை நடந்தேன்." அவன் குரல் உடைந்தது. "ஒரு கிழவர் முற்றத்தில் உட்கார்ந்து கையசைத்தார். நானும் அசைத்துவிட்டுப் போனேன். பலகை இல்லையே... யாரோ என்று..."

லான்ஸோ கிட்டாரின்மேல் பாய்ந்தான். ஐவின்ட் எழுந்து குறுக்கே நின்றான். அடிக்கவில்லை. நின்றான், அவ்வளவுதான். ஆறரை அடி உயரம் நின்றாலே போதுமாக இருந்தது.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு ரூடெலின் கார் வந்து நின்றது.

"அவராவே குடுத்தாரு," என்றான் லான்ஸோ அவசரமாக. "போன வாரம் எனக்கு..."

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு என் கடை வாசல்ல இதை வச்சு வாசிச்சாரு," என்றாள் வெர்னல். "டெல்ஃபீன் இருந்தா. பத்து பேரு இருந்தாங்க. இன்னொரு பொய் இருந்தா சொல்லு. இல்லேன்னா ஏமஸ் பெட்வேயை எப்படிக் கொன்னேன்னு சொல்லு."

லான்ஸோ படியில் சரிந்து உட்கார்ந்தான். தொப்பி உருண்டு புல்லில் விழுந்தது.

"கொல்லணும்னு போகல."

ரூடெல் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். "மணி?"

"பதினொண்ணு முப்பத்தஞ்சு இருக்கும். அந்நேரம் அவரு டமாலே வாங்க உங்க கடைக்கு நடந்து வருவாரு, மிஸ் வெர்னல். ஊருக்கே தெரியும். வீடு காலியா இருக்கும், எடுத்துட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். உள்ள போயி பெட்டியைத் தொறந்து எடுத்துட்டுத் திரும்பினா... அடுக்களையில மனுஷன் நின்னு தட்டு தொடச்சிட்டிருக்காரு. கிட்டாரை எடுத்த கையோட பார்த்துட்டாரு. கிட்டார் கழுத்தைப் புடிச்சாரு. நான் இழுத்தேன். அவரும் இழுத்தாரு. திடீர்னு கை விட்டுடுச்சு... அடுப்பு முனை."

பதினொன்று முப்பத்தைந்து.

வெர்னல் கண்ணை மூடிக்கொண்டாள். சொன்ன நேரத்துக்குப் போயிருந்தால் அவள் அந்த அடுக்களையில் இருந்திருப்பாள். அந்தப் பாழாய்ப்போன தனிப் பானை.

"ஆக அந்த ரெண்டாவது தட்டு உனக்கு இல்ல?" ரூடெல் கேட்டான்.

"எனக்கு எதுக்குத் தட்டு வைப்பாரு? போடா, ஆள் வர்ற நேரம், வெளிய போடான்னுதான் கத்தினாரு."

"இந்த நார்வேக்காரருக்கும் இல்ல. இவருக்கு அவரு உயிரோட இருக்காருன்னே தெரியாது." ரூடெல் பேனாவால் காதைச் சொறிந்தான். "அப்போ மிளகாய் சாப்பிடாத விருந்தாளி யாரு? அந்த ஆளு எங்க? மத்தியானத்துலேர்ந்து இவங்க தேடுறாங்க."

லான்ஸோ தலையைத் தூக்கி வெர்னலைப் பார்த்தான். அந்த நிலைமையிலும் அவன் முகத்தில் ஓர் ஆச்சரியம்.

"உங்களுக்கு நெஜமாவே தெரியாதா, மிஸ் வெர்னல்?"

"என்ன தெரியாதா?"

"ஜனவரில உங்களுக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சுல்ல. காரமே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல. தான் செய்யிற பண்டத்தைத் தானே திங்க முடியாத ஒரே பொம்பளை இந்த ஊர்ல அவதான்னு, கிளப்ல எத்தனை தடவை சொல்லி வருத்தப்பட்டிருக்காரு."

லான்ஸோ புல்லில் கிடந்த தொப்பியைப் பார்த்தான்.

"'வெர்னல் வர்றா'ன்னாரு. 'பன்னெண்டு வருஷமா நின்னுக்கிட்டே திங்கிறா. இன்னிக்காவது உட்கார வச்சு சாப்பிட வைக்கப் போறேன். நீ கெடுத்துடாதே, போ'ன்னாரு. அதான் அவரு கடைசியாப் பேசினது."

வெர்னல் டப்ஸ் கிட்டாரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

ஊரில் உள்ள அத்தனை வாயையும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கழித்திருந்தாள். தன் வாய் மட்டும் அவள் கணக்கில் வரவே இல்லை. தனக்காக ஒருவர் சவரம் செய்துகொள்வார், தட்டுத் துடைத்து வைப்பார் என்று யோசித்துப் பார்க்க அவளுக்குப் பழக்கம் இல்லை.

ரூடெல் லான்ஸோவைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான். தொண்டையைச் செருமினான். பேனாவைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"ரிப்போர்ட்ல எழுதணும், மிஸ் வெர்னல். விருந்தாளி... வந்தாங்களா?"

"வந்தா. இருபது நிமிஷம் லேட்டா."

"லேட்டுக்குக் காரணம்?"

அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சமைச்சிட்டிருந்தா. விருந்துக்கும் கூப்பிட்டு, சமையலையும் விருந்தாளி தலையிலேயே கட்டின மகராசன் அவரு ஒருத்தர்தான்... அதையும் சேர்த்து எழுதிக்க."